தாழ்த்தினால் சாயாதா?

காரைத் தாழ்த்தினால் ஈர்ப்பு மையம் இறங்கும், எனவே வளைவில் சாய்வு குறையும் என்பது பாதி உண்மை. மெக்ஃபர்சன் ஸ்ட்ரட் வண்டிகளில் லோயர் ஆர்மின் வெளிமுனை உள்முனையைவிட உயர்ந்துவிட்டால், உருளல் மையம் (வளைவில் உடல் எதைச் சுற்றிச் சாய்கிறதோ அந்தப் புள்ளி) ஈர்ப்பு மையத்தைவிட வேகமாக இறங்கும். இரண்டுக்கும் இடைப்பட்ட தூரம் கூடுவதால், அதே ஸ்பிரிங்கில் வண்டி முன்பைவிட அதிகமாகவே சாயக்கூடும்.

ஸ்பிரிங்கை வெட்டுவதும் மருந்தல்ல. வெட்டிய சுருள் விறைக்கும்தான். ஆனால் அமுங்க இடமின்றி, பள்ளந்தோறும் பம்ப் ஸ்டாப்பில் இடிக்கும். மிதமான இறக்கம், அதற்கென அமைந்த ஸ்பிரிங், அதை அடக்கும் ஷாக் அப்சார்பர்: தெருவுக்கு இவை போதும்.

தாழ்த்திய பின் டயர் தேய்ந்தால், கேம்பர்மீது, அதாவது சக்கரத்தின் பக்கச் சாய்வுமீது, பழி போடுகிறார்கள். பெரும்பாலும் குற்றவாளி டோ, அதாவது சக்கரங்கள் உள்ளோ வெளியோ திரும்பியிருக்கும் கோணம். தாழ்த்தும் வேலையில் தளர்த்திய ஆர்ம்களின் ரப்பர் புஷ் போல்ட்டுகளை வண்டி சக்கரத்தில் நிற்கும்போது இறுக்க வேண்டும். தொங்கும்போது இறுக்கினால் ரப்பர் முறுகிக் கிழியும். அலைன்மென்ட் அதன் பிறகே.