பாடும் பதக்கமும்

நெய்தல் திணையை நூலில் மட்டும் படித்தால் போதாது என்று சொல்லி, ஆண்டுக்கு ஒருமுறை மாணவர்களைப் பழவேற்காட்டிற்கு அழைத்துச் செல்வது நம் வழக்கம். சென்னைக்கு வடக்கே சுமார் 55 கி.மீ. தொலைவு. ஏரி, முகத்துவாரம், குப்பங்கள், 1613இல் டச்சுக்காரர்கள் எழுப்பிய கெல்டிரியா கோட்டையின் மிச்சம் என்று பார்த்துக்கொண்டே வந்து, கடைசியில் டச்சுக் கல்லறைத் தோட்டத்தில் நிற்போம். வாயிலில் இரண்டு எலும்புக்கூட்டுச் சிற்பங்கள் காவல் நிற்கின்றன. உள்ளே பெயரும் குலமுத்திரையும் செதுக்கிய கனத்த கற்கள். தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கும் இடம் இது.

இம்முறை அங்கு நின்றபோது, அப்பகுதிக் குப்பம் ஒன்றிலிருந்து நம் கல்லூரிக்கு வந்து படிக்கும் மாணவன் ஒருவன் மெல்லச் சொன்னான்: "ஐயா, எங்கிருந்தோ வந்து செத்தவங்களுக்கு இவ்ளோ பெரிய கல்லு வெச்சிருக்காங்க. எங்க தாத்தாவுக்கு ஒரு செங்கல்லுகூட இல்லீங்க." அவனுடைய தாத்தா கடலுக்குப் போனவர், திரும்பவில்லை, உடலும் ஒதுங்கவில்லை. கல் நட இடமில்லை, ஏனெனில் புதைக்க ஏதும் இல்லை.

அந்தச் சொல்லுக்கு அப்போது நம்மிடம் விடை இல்லை. திரும்பும் வழியெல்லாம் மனத்தில் ஓடியது, இதே கடற்பரப்பில் வந்து போன வேறொரு மனிதரின் கதை. அவருக்குக் கிடைத்த பெருமைகளுக்குக் கணக்கில்லை.

கார்ல் வான் முல்லர் 1873 ஜூன் 16இல் ஜெர்மனியின் ஹனோவரில் பிறந்தவர். 1891இல் கடற்படையில் சேர்ந்தார். கிழக்காப்பிரிக்கக் கரையில் பணியாற்றியபோது தொற்றிய மலேரியா அவரை வாழ்நாள் முழுவதும் விடவில்லை. 1913இல் 'எம்டன்' என்ற இலகுரகப் போர்க்கப்பலின் தலைவரானார். அவ்வாண்டே சீனாவின் யாங்சி ஆற்றில் நடந்த நடவடிக்கைக்காக வாள்களுடன் கூடிய மூன்றாம் வகுப்பு அரச மகுட விருதைப் பெற்றார். மறு ஆண்டு முதல் உலகப் போர் மூண்டது. தம் படைத்தொகுதியிலிருந்து பிரிந்து, ஒரு நிலக்கரிக் கப்பலை மட்டும் துணையாகக் கொண்டு அவர் வங்கக் கடலுக்குள் நுழைந்தார். செப்டம்பர் 10 தொடங்கி இரண்டே மாதங்களில் இருபதுக்கும் மேற்பட்ட வணிகக் கப்பல்கள் எம்டனிடம் சிக்கின.

1914 செப்டம்பர் 22 இரவு, விளக்குகள் அணைக்கப்படாமல் ஒளிர்ந்துகொண்டிருந்த சென்னைத் துறைமுகத்தின்மீது எம்டன் சுமார் 125 குண்டுகளை வீசியது. பர்மா எண்ணெய்க் குழுமத்தின் கொள்கலன்கள் பற்றி எரிந்தன. துறைமுகத்தில் நின்ற வணிகக் கப்பலில் ஐவர் மாண்டனர். ஆயிரக்கணக்கானோர் மூட்டை கட்டிக்கொண்டு நகரை விட்டு வெளியேறினர். வணிகத்தைக் குலைப்பதும், ஆங்கிலேயரின் மதிப்பை இந்திய மக்கள் கண்முன் குறைப்பதுமே தம் நோக்கம் என்று முல்லர் பின்னர் தெரிவித்தார். உயர்நீதிமன்ற வளாகத்தில் குண்டு விழுந்த இடத்தைக் குறிக்கும் கல்வெட்டை நம்மில் பலர் பார்த்திருப்போம்.

நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவருகே ஆஸ்திரேலியக் கப்பலான சிட்னி எம்டனைச் சிதைத்தது. முல்லர் கப்பலைப் பவளப்பாறையில் ஏற்றி நிறுத்தினார். அவருடைய மாலுமிகளில் 130க்கும் மேற்பட்டோர் மாண்டனர். சிறைப்பட்ட அவரும் அவருடைய அதிகாரிகளும் தம் வாள்களைத் தாமே வைத்துக்கொள்ள ஆங்கிலேய அரசு அனுமதித்தது. பிடித்த கப்பல்களின் ஆட்களை அவர் மாண்போடு நடத்தியது எதிரிக்கும் தெரிந்திருந்தது. முதல் வகுப்பு இரும்புச் சிலுவை அவருக்கு வழங்கப்பட்டது. 1918 மார்ச்சில், கப்பல் அழிந்து மூன்றாண்டுகளுக்குப் பிறகு, பிரஷ்யாவின் மிக உயரிய படைவிருதான 'பூர் லெ மெரிட்'டும் வந்தது. போருக்குப் பின், எம்டனில் பணியாற்றியோர் தம் குடும்பப் பெயரோடு கப்பலின் பெயரைச் சேர்த்துக்கொள்ளவும், அதைத் தம் வழித்தோன்றல்களுக்கு விட்டுச்செல்லவும் உரிமை பெற்றனர். பின்னாளில் அதே பெயரில் மிதந்த கப்பலின் முகப்பில் இரும்புச் சிலுவை பொறிக்கப்பட்டது.

இவை ஓர் அரசு தந்த பெருமைகள். இவற்றை விடப் பெரிதென்று நாம் கருதுவது, தமிழ் அந்தக் கப்பலுக்குத் தந்த பெருமையைத்தான். "அவன் பெரிய எம்டன்" என்று கண்டிப்பும் கெட்டிக்காரத்தனமும் உள்ளவரைச் சொல்லும் வழக்கு நூறாண்டுகளுக்குப் பின்னும் உயிரோடு இருக்கிறது. 2006இல் 'எம்டன் மகன்' என்று பெயரிடப்பட்ட திரைப்படம், தமிழ்ப் பெயருக்கு வரிவிலக்கு என்ற ஆணையால் 'எம் மகன்' ஆயிற்று. அரசாணைக்கு அது தமிழ்ச் சொல் இல்லை. அகத்திண்ணையில் அமர்ந்திருக்கும் பாட்டிக்கோ அது அச்சத்தோடு வளர்ந்த சொந்தச் சொல். செண்பகராமன் பிள்ளை அக்கப்பலில் இருந்தார் என்ற கதையும் அப்படி எழுந்ததே. அதற்குச் சான்றில்லை; அவர் அப்போது ஐரோப்பாவில் இருந்தார். ஆயினும் மக்கள் தமக்கு வேண்டியவரை அந்தத் தளத்தில் ஏற்றிவிட்டனர். ஆணை பிறப்பித்துத் தடுக்கக்கூடியதல்ல பெருமை என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

இனி, முல்லரின் வாழ்வில் நம்மை நிற்கவைத்த இடத்திற்கு வருவோம். உடல்நலம் குன்றி 1919இல் ஓய்வு பெற்ற அவரிடம் எம்டனைப் பற்றி நூல் எழுதக் கேட்டனர். அவருக்குக் கீழே பணியாற்றிய முக்கே எழுதியிருந்தார். அந்நூல்கள் பரவலாக விற்றன. தலைவரோ மறுத்துவிட்டார். தோழர்களின் குருதியைக் காசாக்குகிறோம் என்ற எண்ணத்தைத் தம்மால் உதற இயலாது என்பது அவர் சொன்ன காரணம். 1923 மார்ச் 11இல், ஐம்பது வயது நிறையுமுன், அவர் இறந்தார்.

பதக்கத்தை அவர் மறுக்கவில்லை, நூலை மறுத்தார். இது முரண் அல்லவா என்று கேட்கலாம். நமக்கு அப்படித் தோன்றவில்லை. பதக்கம் அரசின் சொல். அதை ஏற்பது ஓர் அதிகாரியின் கடமை. நூல் அவருடைய சொந்தச் சொல். 130 பேரின் சாவு தம் ஒருவருடைய பெயருக்குக் கீழே சுருண்டு படுத்துக்கொள்ளும் என்பதை அவர் அறிந்திருந்தார். பெருமையின் இயல்பே அதுதான்: பலருடைய பாட்டை ஒருவருடைய மார்பில் குத்துவது.

நம் நாட்டுக் கடற்படையிலும் இந்த உண்மையைக் காண்கிறோம். 1971 டிசம்பர் 9இல் குக்ரி கப்பல் மூழ்கியபோது தப்பிக்க மறுத்துக் கப்பலோடு போனார் கேப்டன் மகேந்திரநாத் முல்லா. மறைவுக்குப் பின் அவருக்கு மகாவீர் சக்கரம் வழங்கப்பட்டது. உடன் மாண்டவர்கள் அவரையும் சேர்த்து 18 அதிகாரிகள், 176 மாலுமிகள். முல்லாவின் பெயர் நமக்குத் தெரியும். அந்த 176 பேரில் ஒருவருடைய பெயரையேனும் நம்மால் சொல்ல முடியுமா? இதை அவருடைய வீரத்தைக் குறைக்கச் சொல்லவில்லை. சாகும் நேரத்திலும் தம் ஆட்களை விட்டு நீங்காதவர், அவர்களை விட்டுத் தம்மை மட்டும் நினைக்கச் சொல்லியிருக்கமாட்டார் என்பதற்காகச் சொல்கிறோம். பரம்வீர் சக்கரம் பெற்ற 21 பேரில் கடற்படையினர் ஒருவருமில்லை என்பதையும் இங்கே எண்ணிப் பார்க்கலாம். கடலில் நிகழ்ந்தது நிலத்தின் நினைவில் நிற்பதில்லை.

இதைத் தமிழிலக்கியம் படித்தவர்கள் முன்பே அறிவோம். வீரனுக்குக் கல் நடும் முறையைத் தொல்காப்பியம் படிப்படியாக வகுத்துச் சொல்கிறது. ஆநிரை மீட்டு மாண்டவனின் கற்கள் செங்கத்திலும் தருமபுரியிலும் இன்றும் நிற்கின்றன. நெய்தலில் என்ன நட்டார்கள்? பட்டினப்பாலை காட்டும் பரதவர் மணலில் சுறாமீனின் கொம்பை நட்டு வழிபடுகிறார்கள். மனிதனைக் கொண்டுபோகும் கடலின் தெய்வத்திற்கு நட்டார்களே தவிர, போன மனிதனுக்கு நடவில்லை. அவன் உடல் கிடைத்தால் அல்லவா கல்?

பழவேற்காட்டில் 'பாடு' என்று ஒரு சொல் புழங்குகிறது. ஏரியின் மீன்பிடி இடங்களை ஊரார் முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் பழைய ஏற்பாட்டின் பெயர் அது. இன்று என் பாடு, நாளை உன் பாடு. எந்த இடமும் எவருக்கும் நிலைத்த சொத்தில்லை. 'படாத பாடு' என்னும்போது அதே சொல் துன்பத்தைக் குறிக்கிறது. பழந்தமிழிலோ பெருமை என்பதும் பாடு என்பதன் பொருள்களுள் ஒன்று. முறை, துன்பம், பெருமை மூன்றையும் ஒரே சொல்லில் அடக்கிய மொழி நம்முடையது. பெருமையும் முறைவைத்துப் பகிரப்படவேண்டியதே என்று அந்த ஏரிக்கரை நமக்குச் சொல்வதாகத் தோன்றுகிறது.

போர்வீரனையும் மீனவனையும் ஒப்பிடுவது முறையா, ஒருவன் நாட்டுக்காகச் சாகிறான், மற்றவன் பிழைப்புக்காகப் போய்ச் சாகிறான் என்று நண்பர் ஒருவர் மறுத்தார். நியாயமான மறுப்புத்தான். மீனவனுக்குப் பதக்கம் தாருங்கள் என்று நாமும் கேட்கவில்லை. (2015 வெள்ளத்தில் படகுகளோடு சென்னைத் தெருக்களுக்குள் வந்த குப்பத்துக்காரர்களை நினைத்தால் அதையும் கேட்கலாம்.) நாம் கேட்பது அதற்கும் கீழான ஒன்றை. இறந்தான் என்பதையாவது ஒப்புக்கொள்ளுங்கள் என்பதே.

இது மிகைச்சொல் அன்று. உடல் கிடைக்காத ஒருவரை ஏழாண்டுகள் செய்தி ஏதும் இல்லாதிருந்தால்தான் இறந்தவராகக் கொள்ளலாம் என்பது நம் சாட்சியச் சட்டத்தின் பொது விதி. நிலத்தில் காணாமற்போனவரை மனத்தில் வைத்து எழுதப்பட்ட விதி அது. புயலில் கவிழ்ந்த படகைக் கண்டவர்கள் இருந்தும் அதே விதி குறுக்கே நிற்கிறது. அதுவரை அவர் மனைவி கைம்பெண்ணும் அல்லள், கணவன் உள்ளவளும் அல்லள். 2004 ஆழிப்பேரலைக்குப் பின்பும் 2017 ஒக்கிப் புயலுக்குப் பின்பும் இந்தக் காத்திருப்பைத் தளர்த்தி உதவி வழங்கினார்கள். பேரிடர் என்றால் தளர்த்தலாம் என்றால், ஒரே ஒரு படகு கவிழும் நாளில் ஏன் தளர்த்தக்கூடாது? அந்த வீட்டுக்கு அது பேரிடர் அல்லவா? முல்லரின் மாலுமிகளுக்கு மரணம் உடனே எழுதப்பட்டது, பெயர் பரம்பரையாக நீண்டது. நம் மாணவனின் தாத்தாவுக்கோ மரணமே தவணையில் வந்தது.

பழவேற்காட்டிற்குத் தெற்கே காட்டுப்பள்ளியில் இப்போது கப்பல் கட்டும் தளம் இருக்கிறது. அது எழுவதற்காக அங்கிருந்த குப்பத்தார் இடம்பெயர நேர்ந்தது. 2025 ஜூன் 18இல் கடற்படையில் சேர்ந்த அர்னாலா என்னும் போர்க்கப்பல் அந்தத் தளத்தில் உருவானதே. நாளை அக்கப்பலின் அதிகாரி ஒருவர் வீரச்செயல் புரிந்து பதக்கம் பெறலாம், நாமும் மகிழ்வோம். அந்தப் பதக்கத்தின் அடியில் ஒரு குப்பத்தின் மணலும் இருக்கிறது என்பதை மட்டும் மறவாதிருப்போம்.

நம்மால் ஆவதென்ன? சட்டத்தைத் திருத்தும் வலிமை நமக்கில்லை. எழுதும் கை இருக்கிறது. இவ்வாண்டு நம் துறை மாணவர்களுக்குக் களப்பணியாக ஒன்றைக் கொடுத்திருக்கிறோம். ஒவ்வொரு குப்பத்திலும் கடலுக்குப் போய்த் திரும்பாதவர்களின் பெயர், போன நாள், உடன் போனவர், படகின் பெயர் ஆகியவற்றை முதியோரிடம் கேட்டு ஒரு குறிப்பேட்டில் எழுதவேண்டும். வீட்டாரின் ஒப்புதலின்றி ஒரு பெயரும் எழுதக்கூடாது. அச்சிடுவதா இல்லையா என்பதையும் அந்தந்த ஊரே முடிவு செய்யவேண்டும். கடற்கரை ஊர்களின் கல்லூரிகளில் பணியாற்றும் நண்பர்களும் இதைத் தொடங்கலாம். குறிப்பேடு பதக்கமாகாது, சான்றிதழும் ஆகாது. ஆயினும் ஏழாண்டு காத்திருக்காமல் எழுதப்படும் பெயர் அதில் இருக்கும்.

முதல் பக்கத்தை அந்த மாணவனிடமே கொடுத்தோம். தாத்தாவின் பெயரை எழுதியவன், போன நாள் என்ற இடத்தில் நின்றுவிட்டான். "பாட்டியைக் கேட்டுட்டு வந்து எழுதுறேங்க ஐயா" என்றான். அந்த இடம் இப்போதைக்கு வெற்றாக இருக்கிறது. அடுத்த வாரம் அவன் ஊருக்குப் போகிறான்.