குடலிலும் சாதி பார்க்கும் 'சாத்வீகம்'

ஸ்ரீரங்கத்தில் ஒரு மண்டப வாசலில் ஃப்ளெக்ஸ் ஒன்று பார்த்தேன். 'குடல் நலமே உடல் நலம். சாத்வீக உணவுக்குத் திரும்புவோம்' என்று எழுதியிருந்தது. கீழே தட்டு நிறைய கேழ்வரகு, கம்பு, தினை, வரகு. விடியற்காலை ஆறு மணி இருக்கும். அந்த ஃப்ளெக்ஸுக்குக் கீழே தெருவைக் கூட்டிக்கொண்டிருந்த அக்காவிடம், "சாப்டாச்சாக்கா?" என்று கேட்டேன்.

"டீயும் பன்னும்தான் தம்பி. சுகர் மாத்திரை போடணும்ல, வெறும் வயித்துல எப்படிப் போடுறது?" என்றார்.

சர்க்கரை நோய்க்கு மாத்திரை. மாத்திரைக்குத் துணையாக மைதா பன்னும் சர்க்கரை போட்ட டீயும். தலைக்கு மேலே கம்பும் கேழ்வரகும் படமாகத் தொங்குகின்றன. அந்தப் படத்துக்கும் அந்த பன்னுக்கும் நடுவே ஒரு வரலாறு இருக்கிறது. அதைப் பேசாமல் குடல் நலம் பேசுகிறவர்களோடுதான் எனக்குச் சண்டை.

முதலில் அறிவியல். நார்ச்சத்தை நம் சிறுகுடலால் செரிக்க முடியாது. அது அப்படியே பெருங்குடலுக்குப் போகிறது. அங்கே கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் அதைத் தின்று நொதிக்கவைத்து அசிட்டேட், புரோப்பியோனேட், பியூட்டிரேட் என்ற கொழுப்பு அமிலங்களைத் தருகின்றன. பெருங்குடல் சுவரின் செல்களுக்கு முக்கியமான எரிபொருளே பியூட்டிரேட்தான். இந்த அமிலங்கள் பசியடக்கும், இன்சுலினைத் தூண்டும் ஹார்மோன்களையும் சுரக்கவைக்கின்றன. நார் கிடைக்காவிட்டால் பாக்டீரியாக்கள் சும்மா இருப்பதில்லை. குடல் சுவரைக் காக்கும் சளிப்படலத்தையே தின்னத் தொடங்குகின்றன என்று 2016இல் எலிகளில் நடந்த ஆய்வு காட்டியது. அதே ஆண்டு வந்த இன்னொரு எலி ஆய்வு இன்னும் கொடுமையானது. நாரில்லாத தீனியைத் தலைமுறை தலைமுறையாகக் கொடுத்தால் சில பாக்டீரியா இனங்கள் அற்றே போகின்றன. பிறகு நாரை மட்டும் திருப்பிக் கொடுத்தால் அவை திரும்பி வருவதில்லை.

மனிதர்களிலும் ஓர் ஆய்வு உண்டு. 2015இல் வெளிவந்தது. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் வாழும் கறுப்பின மக்கள் 20 பேர், தென்னாப்பிரிக்கக் கிராமத்தார் 20 பேர். இரண்டே வாரம் உணவை மாற்றிக்கொண்டார்கள். நார் மிகுந்த ஆப்பிரிக்க உணவைத் தின்ற அமெரிக்கர்களுக்குக் குடல் அழற்சி குறைந்தது, பியூட்டிரேட் இரண்டரை மடங்கானது. அமெரிக்க உணவுக்கு மாறிய கிராமத்தாருக்கு எல்லாம் தலைகீழானது. இருவரும் ஆப்பிரிக்க வம்சாவளியினர். ஆக, கோளாறு 'பரம்பரை'யில் இல்லை, தட்டில் இருக்கிறது. தட்டில் என்ன விழும் என்பதை முடிவு செய்தது அடிமை வணிகமும் கூலியும் நிலமும்.

இப்போது நம் ஊருக்கு வருவோம். காவிரிக் கரையில் நெல். மணப்பாறை, மருங்காபுரி, துறையூர் பக்கத்து மேட்டுக்காடுகளில் கம்பு, சோளம், கேழ்வரகு, வரகு. அந்த மேட்டுக்காட்டுச் சேரிகளில் நெல்லுச்சோறு என்றால் பண்டிகைச் சோறு. மற்ற நாளில் கூழ், களி, கொள்ளு, வேலை செய்த காட்டிலேயே பறித்த பண்ணைக்கீரை. அதற்கு ஊர் கொடுத்த மரியாதை என்ன? 'கூழு குடிக்கிற பய.' கொள்ளு குதிரைத் தீனி. தானியம் கறுப்பாக இருந்தது, தின்றவனும் கறுப்பாக இருந்தான். இரண்டையும் சேர்த்தே இழிவு செய்தார்கள்.

அதனால் வெள்ளைச் சோறு எங்கள் மக்களுக்கு வெறும் சோறாக இருக்கவில்லை, மானமாக இருந்தது. 2008இல் ரேஷன் அரிசி கிலோ ஒரு ரூபாய்க்கு வந்தது. 2011இல் இலவசமானது. அந்த அரிசி பட்டினியை ஒழித்தது, பண்ணையார் வீட்டு வாசலில் நிற்கவேண்டிய தேவையைக் குறைத்தது. அதைக் கேலி பேசுகிற எவனோடும் நான் நிற்கமாட்டேன்.

ஆனால் கணக்கையும் பார்க்கவேண்டும். ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2017 அட்டவணைப்படி 100 கிராம் புழுங்கலரிசியில் நார் 4 கிராமுக்கும் குறைவு. தீட்டிய பச்சரிசியில் 3 கிராமுக்கும் குறைவு. கம்பிலும் கேழ்வரகிலும் 11 கிராமுக்கு மேல். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 25 கிராம் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 300 கிராம் ரேஷன் அரிசி தின்றால் 11 கிராம்தான் கிடைக்கும். மிச்சம் பருப்பிலும் காயிலும் கீரையிலும் வரவேண்டும். தண்ணியாக ஒரு ரசமும் ஊறுகாயும் வைத்துச் சாப்பிடுகிற வீட்டில் அது எங்கிருந்து வரும்? இந்தியாவில் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் என்று 2023இல் வெளியான ஐசிஎம்ஆர் ஆய்வு சொல்கிறது. அது இனிமேல் பணக்கார வியாதி இல்லை. காந்தி மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவரிடம் கேட்டுப் பாருங்கள்.

இந்த நேரத்தில்தான் ஃப்ளெக்ஸ் வருகிறது. நேற்று வரை சேரித் தீனியாக இருந்தது இன்று 'நம் முன்னோர்களின் சாத்வீக உணவு'. யாருடைய முன்னோர்? கூழ் குடித்தவனின் பாட்டியா, கூழ் குடித்தவனைத் திண்ணையில் ஏறவிடாதவனின் பாட்டனா? பழைய சோற்றுக்கும் இதே கதைதான். பண்ணை வீட்டுக் கொல்லைப்புறத்தில் கைக்குப் படாமல் ஊற்றிய பழையது, இன்று மண்சட்டியில் சின்ன வெங்காயத்தோடு ஓட்டல் மெனுவில் இருக்கிறது. சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் குடல் அழற்சி நோய்க்கு அதைக் கொடுத்து ஆராய்ந்தார்கள். நல்ல விஷயம். ஆராயட்டும். யார் வயிற்றில் அந்த அறிவு பிறந்தது என்பதையும் சேர்த்து எழுதுங்கள் என்றுதான் கேட்கிறோம்.

சாத்வீகம் என்ற சொல்லையே கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். வெங்காயமும் பூண்டும் அதில் கிடையாது. வைணவ ஆசாரத் தளிகையில் முருங்கையும் சேராது. ஆனால் குடல் பாக்டீரியாக்கள் விரும்பித் தின்னும் இன்யுலின் வகை நார் வெங்காயத்திலும் பூண்டிலும்தான் நிறைய. முருங்கைக்கீரையும் நார் மிகுந்தது. எதைத் தீட்டென்று தள்ளினார்களோ அது குடலுக்கு அமுது. எது நைவேத்தியமோ, அந்தச் சர்க்கரைப் பொங்கலில் நார் தேடினாலும் அகப்படாது.

அவரவர் வீட்டில் அவரவர் எதையும் தின்னட்டும். துலுக்க நாச்சியாருக்காக ரங்கநாதருக்கே ரொட்டியும் வெண்ணெயும் படைக்கிற ஊர் இது. பெருமாள் சமையலை மாற்றிக்கொண்டார். மனிதர்கள்தான் அடுத்தவன் தட்டை எட்டிப் பார்க்கிறார்கள். 2012இல் இதே ஸ்ரீரங்கத்தில் 'பிராமணாள்' என்று ஓர் உணவகம் பலகை மாட்டியது, அதை எதிர்த்துத் திராவிடர் கழகம் போராடவேண்டியிருந்தது. கர்நாடகத்தில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிய உணவு போட்ட அட்சய பாத்திரா நிறுவனம் வெங்காயம், பூண்டு சேர்க்க மறுத்தது. முட்டையும் கிடையாது. பிள்ளைகள் யார் என்று சொல்லவேண்டியதில்லை. சொந்த ஆசாரத்தை அரசுப் பணத்தில் அடுத்தவன் பிள்ளை வயிற்றில் திணித்தால் அதற்குப் பெயர் உணவுப் பழக்கம் இல்லை, ஆதிக்கம்.

எங்கள் ஆட்களுக்கும் ஒன்று சொல்லவேண்டும். மாட்டுக்கறி எங்கள் உரிமை, அதில் புரதமும் இரும்பும் இருக்கின்றன. நார் இல்லை. கறியோடு கேழ்வரகுக் களியும் கீரையும் தின்ற தாத்தாவின் தட்டு வேறு, கறியோடு புரோட்டா தின்கிற நம் தட்டு வேறு. அதே மூச்சில் 'சைவம்தான் தீர்வு' என்று கிளம்புகிறவர்களுக்கும் பதில் உண்டு. வெள்ளைச் சாதமும் தயிரும் அப்பளமும் சைவம்தான். அதில் எத்தனை கிராம் நார்?

நார் மந்திரமும் இல்லை. மாத்திரையை நிறுத்திவிட்டுக் கம்பங்கூழ் குடிக்கச் சொல்கிற வாட்ஸ்அப் வைத்தியரை நம்பாதீர்கள். 2021இல் வந்த மக்களைத் தேடி மருத்துவம் வீட்டுக்கே மாத்திரை கொண்டுவருகிறது. அது தொடரவேண்டும். மாத்திரை வீடு தேடி வருகிறது, கேழ்வரகு ஏன் வரவில்லை என்பதுதான் என் கேள்வி. 2023 மே மாதம் நீலகிரியிலும் தருமபுரியிலும் ரேஷனில் 2 கிலோ கேழ்வரகு கொடுக்கத் தொடங்கினார்கள், அரிசியில் 2 கிலோவுக்குப் பதிலாக. திருச்சி மாவட்டத்துக்கும் வேண்டும், எல்லா மாவட்டத்துக்கும் வேண்டும். அரிசியைப் பிடிக்காமல், கூடுதலாக வேண்டும். துவரம்பருப்போடு கொள்ளும் பச்சைப்பயறும் வேண்டும்.

2025 ஆகஸ்டில் சென்னையில் தூய்மைப் பணியாளர்கள் நாள்கணக்கில் தெருவில் உட்கார்ந்து போராடினார்கள். அவர்களை இரவோடு இரவாக அப்புறப்படுத்திய பிறகுதான் இலவசக் காலை உணவு என்று அரசு அறிவித்தது. அந்தத் தட்டு திருச்சிக்கும் வரவேண்டும். வரும்போது அதில் சுண்டலும் கீரையும் இருக்கவேண்டும். உட்கார்ந்து சாப்பிட அரை மணி நேரமும் கைகழுவத் தண்ணீரும் இருக்கவேண்டும். நேரமில்லாதவருக்கு டீயும் பன்னும்தான் உணவு.

எல்லாவற்றுக்கும் அடியில் நிலம். 1892இல் ஒதுக்கிய பஞ்சமி நிலங்கள் கைமாறிப் போகாமல் இருந்திருந்தால், எங்கள் கம்பை நாங்களே விதைத்திருப்போம். துறையூர், பெரம்பலூர் பக்கம் கம்பும் வரகும் விளைந்த காடுகளில் இன்று கோழித் தீவனத்துக்கு மக்காச்சோளம். களைக்கொல்லி அடித்த காட்டில் பண்ணைக்கீரையும் முளைப்பதில்லை. கூலிக்குப் போகிற பெண்ணின் மடியில் சும்மா வந்த கீரை, இப்போது கட்டு விலை கேட்கிறது.

குடல் நலம் பேச விரும்புகிறவர்கள் வாருங்கள், பேசுவோம். கூலி, நிலம், ரேஷன், பள்ளித் தட்டு எல்லாவற்றையும் சேர்த்துப் பேசுவோம். கூட்டத்தை விடியற்காலை ஆறு மணிக்கு அந்த மண்டப வாசலிலேயே வையுங்கள். அந்த அக்கா அங்கேதான் இருப்பார். அவருக்கும் ஒரு நாற்காலி போடுங்கள்.

ஜெய்பீம்.