குப்பைக் குருவியை யார் கண்டுபிடிச்சது?

'நஞ்சுள்ள பறவையைக் கண்டுபிடித்தவர் ஜாக் டம்பாக்கர்.' நியூகினி மழைக்காட்டுப் பாடும் பறவையான பிட்டோஹூயி பற்றி எங்க வாசிச்சாலும் இந்த வசனம் வரும். எனக்கு அந்தக் 'கண்டுபிடித்தவர்' எண்ட சொல்லோடதான் பிரச்சினை.

டம்பாக்கர் அங்க போனது சொர்க்கப் பறவைகளை ஆராய. வலையில் சிக்கிய பிட்டோஹூயிகளை எடுத்துவிடும்போது அவை கையைக் கீறிவிட்டன. காயத்தை வாயில் வைச்சால் நாக்கு எரிஞ்சு விறைச்சுப் போச்சு. ஊராக்களிட்டக் கேட்டால், அது 'குப்பைக் குருவி', தோலை உரிக்காமல் சாப்பிடேலாது எண்டிருக்கினம். 1992இல் 'சயன்ஸ்' சஞ்சிகையில் கட்டுரை வந்தது. உலகமே ஆச்சரியப்பட்டது, ஊராக்களைத் தவிர.

இதில் இன்னொரு விசயம். கலம் இனத்தைச் சேர்ந்த இயன் சயெம் மய்நெப், மானிடவியலாளர் ரால்ஃப் புல்மரோடு சேர்ந்து தன் ஊர்ப் பறவைகளைப் பற்றி எழுதிய புத்தகம் 1977இலேயே வந்துவிட்டது. அதில் இந்தப் பறவை 'வொபொப்' என்ற பெயரில் இருக்கு, தோல் கசக்கும் என்ற குறிப்போடு. 15 வருசம் முந்தி அச்சிலேயே இருந்த விசயம்!

விஞ்ஞானம் இந்தப் பறவையை எப்படி வகைப்படுத்தியது எண்டும் பாருங்கோ. பிட்டோஹூயி எண்ட ஒரே பேரினத்துக்குள்ள பல இனங்களைப் போட்டு, எல்லாத்தையும் 'விசிலர்' குடும்பத்தில் சேர்த்து வைச்சிருந்தினம். 2008 அளவில் டீ.என்.ஏ. ஆய்வுகள் அந்தக் கூட்டத்தைக் கலைச்சுப் போட்டுது. கறுப்புத் தலையும் செம்மஞ்சள் உடம்புமான எங்கட ஆள் மாங்குயில் குடும்பத்துக்குப் போனார். அதாவது, இங்க வளவுக்குள்ள வந்து கூப்பிடுற மாங்குயிலுக்குச் சொந்தக்காரர். பிழையைத் திருத்திக்கொள்ளும் அந்தக் குணத்தில் எனக்கு மரியாதைதான். ஆனால் எத்தனை தரம் குடும்பம் மாறினாலும், விஞ்ஞானப் பெயருக்குப் பின்னால் 'பொனபார்ட், 1850' எண்டது மட்டும் அழியாது. அவர் நெப்போலியனின் பெறாமகன். நியூகினியில் கால் வைக்காதவர். காட்டில் அந்தப் பறவையோடு வாழ்ந்தவர்கள் சொன்னதோ 'உள்ளூர் நம்பிக்கை' ஆகிவிடுகிறது.

'அவைக்கு அது என்ன நஞ்செண்டு தெரியாதே' என்று கேட்கலாம். உண்மை. கொலம்பியாவின் நச்சுத் தவளைகளில் இருக்கிற பட்ராகோடொக்சின் வகை நஞ்சுதான் இதிலும் எண்டு சொல்ல ஆய்வுகூடம் தேவைதான். ஆனால் அந்த நஞ்சு பறவைக்கு எங்கயிருந்து வருது எண்ட கேள்விக்கு என்ன நடந்தது? 2004இல் வந்த ஆய்வு, சின்ன வண்டுகளைக் காட்டியது. ஹெரோவானா கிராமத்தில் அந்த வண்டுக்குப் பெயர் 'நனிசனி'. நச்சுப் பறவையின் இறகு பட்டால் உதட்டில் வருகிற விறைப்புக்கும் அதே சொல்தான். வண்டையும் பறவையையும் சேர்த்துப் பார்க்கும் வகைப்பாடு அந்த ஊர்ப் பேச்சில் ஏற்கெனவே இருந்தது. ஆய்வுகூடம் அதை உறுதிப்படுத்தினது.