ஷாட்லியின் பாய்மரம்



இங்கிலாந்தின் கிழக்குக் கரையில், ஸ்டவர், ஆர்வெல் என்னும் இரண்டு ஆறுகள் கடலைச் சேரும் முனையில் ஷாட்லி என்றொரு சிற்றூர் உண்டு. 1905 முதல் 1976 வரை பிரிட்டிஷ் கடற்படையின் சிறுவர் பயிற்சித் தளம் அங்கே இயங்கியது. அதன் பெயர் ‘கேஞ்சஸ்’. நமது கங்கையின் பெயரேதான். 1821ஆம் ஆண்டு பம்பாய்க் கப்பல் தளத்தில் தேக்கு மரத்தால் கட்டப்பட்ட போர்க்கப்பல் ஒன்றுக்கு இடப்பட்டிருந்த பெயர் அது. 84 பீரங்கிகளோடு பசிபிக் கடல்வரை சென்ற அக்கப்பல் முதுமையில் சிறுவர்களின் பயிற்சிக் கப்பலாயிற்று. பயிற்சி கரைக்கு மாறியபோது பெயரும் கரையேறியது. கப்பல் 1930இல் உடைக்கப்பட்டது. அதன் தலைவரின் அறை மட்டும் டெவன் கரையோரத் தீவொன்றின் ஓட்டலில் ஓர் அலங்கார அறையாக இன்றும் இருக்கிறது.

ஷாட்லியை அறிந்தவர்கள் முதலில் நினைப்பது அங்குள்ள பாய்மரத்தைத்தான். 1907இல் தரையில் நாட்டப்பட்ட அது ஏறத்தாழ 43 மீட்டர் உயரமுடையது. கீழே ஒரு வலை கட்டியிருந்தார்கள். 15, 16 வயதுச் சிறுவர்கள் கயிற்றேணியைப் பற்றி அதில் ஏறக் கற்றார்கள். அணிவகுப்பு நாட்களில் மரம் முழுவதும் சிறுவர்கள் நிற்பார்கள். உச்சியில், சோற்றுத் தட்டளவான ஒரு வட்டப் பலகையின்மேல், இடிதாங்கிக் கம்பியை முழங்கால்களுக்கிடையே பற்றிக்கொண்டு ஒருவன் நிமிர்ந்து வணக்கம் செலுத்துவான். ‘பட்டன் பாய்’ என்று அவனை அழைத்தார்கள். தளத்தின் தலைவர் அவன் கையில் ஒரு வெள்ளி நாணயம் கொடுப்பார்.

அதே தளத்தில் சில படிக்கட்டுகளும் இருந்தன. அவற்றுக்கு ‘விசுவாசம், நம்பிக்கை, அன்பு’ என்று பெயர். கொரிந்தியருக்கு எழுதப்பட்ட முதலாம் நிருபத்தை அறிந்த எவருக்கும் அந்த மூன்று சொற்கள் எங்கிருந்து வந்தன என்று தெரியும். தண்டனை பெற்ற சிறுவர்கள் மூச்சிரைக்க ஏறி இறங்கிய படிக்கட்டுகள் அவை. பெயரிட்டவர் பக்தியோடு இட்டாரா, கேலியாக இட்டாரா? கேலி என்றே எனக்குத் தோன்றுகிறது. அங்கே பிரம்படியும் இருந்தது. பெற்றோர் சம்மதத்தோடு 15 வயதில் கையெழுத்திட்ட ஒருவன், 18 வயதிலிருந்து கணக்கிடப்படும் நீண்ட சேவைக்குக் கட்டுப்பட்டான். பலருக்கு அது 12 ஆண்டுகள். குழந்தை கையெழுத்திட்டதற்கு இளைஞன் விலை கொடுப்பது நியாயமா என்று நாட்டில் கேள்வி எழுந்தது. அரசு குழு அமைத்து ஆராய்ந்தது. 1972இல் பள்ளிக் கல்விக்கான கட்டாய வயது 16 ஆக உயர்ந்தது. 15 வயதில் சேர்ப்பது முடியாததாயிற்று. நான்கு ஆண்டுகளில் தளம் மூடப்பட்டது.

பிறகு வந்தது சிதைவு. இடம் கைமாறியது. உறங்கும் கூடங்களும் உணவுக் கூடங்களும் கண்ணாடி உடைந்து, கூரை ஒழுகி, செடி முளைத்துக் கிடந்தன. அரசின் பாதுகாப்புப் பட்டியலில் இடம்பெற்ற பாய்மரமும் உப்புக் காற்றில் பல ஆண்டுகள் நலிந்தது. அங்கே பயின்றோர் ஒரு சங்கம் வைத்திருக்கிறார்கள். அருகே ஓர் அருங்காட்சியகமும் உண்டு. தங்கள் இளமை கழிந்த கட்டடங்கள் இடிவதைக் கண்டு அவர்கள் வருந்துவதை நான் மதிக்கிறேன்.

ஆனால் அவர்களுடைய நினைவுக் குறிப்புகளில் அடிக்கடி தென்படும் ஒரு வாதத்தை என்னால் ஏற்க முடியவில்லை. அந்தக் கொடுமைதான் எங்களை மனிதராக்கிற்று என்பது அந்த வாதம். நமக்கும் அது புதிதல்ல. அடியாத மாடு படியாது என்று சொல்லித்தானே நம்மில் பலர் வளர்க்கப்பட்டோம்? அடித்த ஆசிரியரைப் பிற்காலத்தில் நன்றியோடு பேசுவதைப் பண்பு என்றும் எண்ணுகிறோம். சற்று நிதானித்துப் பாருங்கள். நடுங்கும் காலோடு கயிற்றேணியில் நின்றவனுக்கு, அடுத்த படியில் நின்று “கீழே பார்க்காதே” என்று சொல்லக்கூடியவன் இன்னொரு சிறுவன். வீட்டை நினைத்து இரவில் அழுதவனுக்குப் பக்கத்துக் கட்டிலில் இருந்தவனும் 15 வயதுப் பிள்ளைதான். அவர்களை ஆளாக்கியது அந்தத் தோழமை. பிரம்பு அந்தப் புகழைத் திருடிக்கொண்டது என்றே சொல்வேன்.

கட்டடம் சிதையச் சிதைய இந்தத் திருட்டு எளிதாகிறது. பாய்மரம் கம்பீரமானது, அது படங்களில் வரும், பட்டியலில் இடம்பெறும், அதைச் செப்பனிடப் பணமும் திரட்டலாம். மூச்சிரைக்க ஓடிய படிக்கட்டை யார் செப்பனிடுவார்கள்? உச்சியில் நின்ற ஒருவனின் வெள்ளி நாணயம் கதையாகிறது. ஏற முடியாமல் அவமானப்பட்டவன் அந்தக் கதைக்குள் வருவதே இல்லை. நம் பள்ளி விடுதிகளின் நூற்றாண்டு மலர்களையும் இதே கண்ணோடு ஒருமுறை புரட்டிப் பாருங்கள். அவற்றில் அழுத பிள்ளை ஒருவராவது இருக்கிறாரா?

பாய்மரம் நிற்கட்டும், அது நிற்க வேண்டும் என்பதே என் விருப்பமும். அதன் அடியில் வைக்கும் பலகையில் படிக்கட்டின் பெயரும், அங்கே நடந்ததும், கையெழுத்திட்டவர்களின் வயதும் இடம்பெறட்டும். ஷாட்லியின் புனித மரியாள் ஆலயத்துக் கல்லறைத் தோட்டத்தில் போரில் மாண்ட மாலுமிகளின் அருகே, பயிற்சிக் காலத்திலேயே இறந்துபோன சிறுவர்களும் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள். அவர்களில் எவரும் முதியோராகி அந்தச் சங்கத்தில் சேரவில்லை; அந்த நாட்கள் நல்லவை என்று சொல்லவும் இல்லை.