பாட்டில் திரும்புகிறது, மனிதர் திரும்ப வேண்டாமா?

நீலகிரி மாவட்டத்து டாஸ்மாக் கடைகளில் 2022-ஆம் ஆண்டு மே 15 முதல் ஒரு புதிய ஏற்பாடு நடைமுறைக்கு வந்தது. பாட்டில் ஒன்றுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கப்படும். காலிப் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் அந்தப் பத்து ரூபாய் திரும்பக் கிடைக்கும். காட்டில் வீசப்படும் பாட்டில்கள் உடைந்து யானைகளின் பாதங்களைக் கிழிக்கின்றன என்று சென்னை உயர் நீதிமன்றம் காட்டிய அக்கறையால் பிறந்த திட்டம் இது. பின்னர் பிற மாவட்டங்களுக்கும் சென்றது. நல்ல திட்டம், நாம் வரவேற்கிறோம். ஆனால் காலிப் பாட்டில் பத்திரமாகத் திரும்ப வழி கண்ட நம் சமூகம், அதைக் குடித்து முடித்தவர் பத்திரமாக வீடு திரும்ப என்ன வழி கண்டிருக்கிறது?

சட்டம் இருக்கிறது. 100 மில்லி இரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-ஆவது பிரிவின்படி குற்றம். 2019-இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, முதல் முறை பிடிபட்டாலே 10,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். குடித்தவர் ஓட்டும் வண்டியில் குடிக்காமல் உடன் செல்பவருக்கும் அபராதம் உண்டு என்று சென்னைப் போக்குவரத்துக் காவல்துறை 2022 அக்டோபரில் அறிவித்தது. குடித்த வாடிக்கையாளரை வண்டி ஓட்ட விடாமல், ஓட்டுநரை ஏற்பாடு செய்து அனுப்புங்கள் என்று 2024-இல் கோவை மாநகரக் காவல்துறை மதுக்கூடங்களுக்கு அறிவுறுத்தியது. பெருநகரங்களில் கைபேசியில் அழைத்தால் ஆக்டிங் டிரைவர் வந்துவிடுகிறார்.

மலை அப்படியல்ல. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரும் பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். கல்லட்டிப் பாதையில் 36. இறக்கத்தில் இரண்டாவது கியரிலேயே வண்டியை இறக்க வேண்டும் என்பது இங்குள்ள ஓட்டுநர்களுக்கு முதல் பாடம். போதையில் இருப்பவர் கியரை மறந்து பிரேக்கையே மிதித்துக்கொண்டு வருவார். சூடேறிய பிரேக் ஒரு வளைவில் கைவிட்டுவிடும். போதாததற்குப் பனிமூட்டம், சாலை நடுவே அசையாமல் நிற்கும் காட்டெருமை. 2018 அக்டோபரில் சென்னையிலிருந்து வந்த ஏழு பேர் சென்ற கார் கல்லட்டிப் பள்ளத்தில் விழுந்தது. இரண்டு நாளாக யாருக்கும் தெரியவில்லை. ஐந்து பேர் இறந்தார்கள். அந்த விபத்துக்கு மது காரணம் என்று நாம் சொல்லவில்லை. இம்மலையில் ஒருவர் தடம் தவறினால், அவர் எங்கே கிடக்கிறார் என்று தெரியவே இரண்டு நாளாகலாம் என்பதற்காகச் சொல்கிறோம்.

ஆக்டிங் டிரைவர் இங்கும் இல்லாமலில்லை. சிக்கல் அவரை அழைப்பதில் இல்லை, அவர் திரும்புவதில் இருக்கிறது. இரவு பதினொரு மணிக்குக் குன்னூரிலிருந்து ஒருவரை எஸ்டேட்டில் கொண்டுபோய் விட்டவர் எப்படித் திரும்புவார்? பேருந்து கிடையாது. கரடி நடமாடும் பாதையில் நடக்க முடியாது. எனவே வர மறுக்கிறார், அல்லது இரட்டிப்பாகக் கேட்கிறார். "பக்கம்தானே, நானே மெதுவாக ஓட்டிக்கொள்கிறேன்" என்று இவர் சாவியை எடுத்துவிடுகிறார். தென் கொரியாவில் இது பல்லாயிரம் பேர் செய்யும் இரவுத் தொழில். அங்கே நகரம் முழுக்க இரவிலும் வாகனங்கள் ஓடுவதால் ஓட்டுநர் திரும்பிவிடுகிறார். இங்கோ பின்னால் ஒரு ஜீப்பும் வர வேண்டும், இல்லையேல் போன இடத்தில் அவருக்குப் படுக்க இடம் வேண்டும். இதற்கான செலவை விருந்துக்கு அழைத்தவர் ஏற்பதே முறை. மேடை அலங்காரத்துக்கும் வீடியோவுக்கும் ஆகும் தொகையோடு பார்த்தால் இது பெரிதல்ல. நம் இளைஞர்களில் பலர் வருவது பைக்கில். பைக் அங்கேயே நிற்கட்டும். ஆளை ஜீப்பில் ஏற்றுங்கள்.

குடித்தவருக்கு வண்டி ஏற்பாடு செய்தால் குடியை ஆதரித்ததாகாதா என்று அன்பியக் கூட்டங்களில் கேள்வி எழக்கூடும். நியாயமான கேள்வி. மதுவிலக்குப் பணியை விட்டுவிடச் சொல்லவில்லை. ஆனால் விடியற்காலையில் கொழுந்து பறிக்கச் சாலையோரம் வரிசையாக நடக்கும் பெண்கள் எதையும் குடிக்கவில்லையே! குடிபோதையாலோ வேக வெறியாலோ சாலையில் பிறர் உயிருக்கு ஆபத்து விளைவிப்பது கனமான குற்றம் என்று திருச்சபையின் மறைக்கல்வி (எண் 2290) சொல்கிறது. 2007 ஜூனில் புலம்பெயர்ந்தோர், பயணிகள் பணிக்கான திருப்பீட அவை ஓட்டுநர்களுக்கென்று பத்துக் கட்டளைகளை வெளியிட்டது. ஓட்டும் நிலையில் இல்லாதவரை ஓட்டாதிருக்கும்படி அன்போடு இணங்க வைப்பது அதில் ஆறாவது. நல்ல சமாரியரும் காயமுற்றவரைத் தம் விலங்கின் மீது ஏற்றிச் சாவடிக்குக் கொண்டுபோனார். செலவுக்கு இரண்டு தெனாரியம் கொடுத்தார். திரும்பி வருவதற்கும் வழி செய்துகொண்டார்.

மே 3-ஆம் நாள் காந்தல் குருசடித் திருவிழா. அதே மாதம்தான் கோடைக் கூட்டமும் திருமணங்களும். 2024 மே முதல் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்தது. அந்தச் செய்தியோடு உள்ளூர் ஓட்டுநர்களின் எண்களையும் மாவட்ட நிர்வாகம் அனுப்பலாம். நம் பங்குகளிலும் டாக்சி, ஜீப் ஓட்டுபவர்கள் பலர் உண்டு. இரவில் வரச் சம்மதிப்பவர்களின் பட்டியலை ஆலய அறிவிப்புப் பலகையில் போட்டு, கூலியையும் முன்கூட்டியே பேசி முடிவு செய்துவிடலாம். பங்கு மண்டபத்தை வாடகைக்கு விடும்போது மின்கட்டணம், துப்புரவுக் கட்டணம் என்று வரி வரியாக எழுதுகிறோமே, அதில் ஓட்டுநர் படி, இரவு ஜீப் வாடகை என்று இன்னும் இரண்டு வரிகள் சேர்க்கலாம்.