பல்செட்டு கொடுத்தால் மட்டும் போதுமா?

1942 ஜூன் மாதம் சேவாகிராமத்தில் காந்தியுடன் ஒரு வாரம் தங்கியிருந்த அமெரிக்கப் பத்திரிகையாளர் லூயி ஃபிஷர், அவருடைய பல்செட்டைப் பற்றியும் எழுதிவைத்திருக்கிறார். சாப்பிடும்போது மட்டும்தான் காந்தி அதை மாட்டிக்கொள்வார். சாப்பிட்டதும் கழற்றி, சுற்றி ஆட்கள் இருக்கும்போதே கழுவி வைத்துவிடுவார். மற்ற நேரமெல்லாம் பொக்கைவாய்தான். உலகம் அறிந்த அந்தச் சிரிப்பை அவர் ஒருபோதும் மறைக்க நினைத்ததில்லை.

நம் வீடுகளில் நடப்பது இதற்கு நேர் எதிர். கல்யாணம், காதுகுத்து, போட்டோ என்றால் தாத்தா பல்செட்டைப் போட்டுக்கொள்கிறார். பந்தியில் இலை விழுந்ததும் மெல்லக் கழற்றிச் சட்டைப் பைக்குள் வைத்துவிட்டு, ரசம் சோற்றை ஈறாலேயே மசித்து விழுங்குகிறார். பாட்டியின் செட்டோ பீரோவுக்குள் ஒரு டப்பாவில் கிடக்கிறது. கேட்டால், "போட்டா குத்துது, அது கிடக்கட்டும் போ" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். சாப்பிடுவதற்கென்றே செய்த ஒன்று, சாப்பாட்டு நேரத்தில் மட்டும் வாயில் இருப்பதில்லை.

வயதானால் இப்படித்தான் என்று குடும்பமும் இதை விட்டுவிடுகிறது. பெரும்பாலும் இது வயதின் குற்றமல்ல, பொருத்தத்தின் குற்றம். பல்செட்டு என்பது அளவெடுத்து, செய்து, கையில் கொடுத்துக் கணக்கை முடித்துவிடக்கூடிய பொருள் அல்ல. கொடுத்த பிறகு செய்ய வேண்டிய வேலை பாதி இருக்கிறது. அந்தப் பாதியைத்தான் நம் மருத்துவமனைகளும் முகாம்களும் அரசுத் திட்டங்களும் வீட்டாரும் சேர்ந்து கைவிட்டிருக்கிறோம்.

காரணம் எலும்பில் இருக்கிறது. பல்லைத் தாங்கி நின்ற தாடை எலும்பு, பல் போனதும் கரையத் தொடங்குகிறது. முதல் ஓராண்டில் வேகமாகக் கரையும். அதன் பிறகு மெதுவாக, ஆயுள் முழுவதும். பல்செட்டு அணிந்தவர்களை 25 ஆண்டுகள் வரை பின்தொடர்ந்து டால்கிரென் என்ற ஆய்வாளர் 1972-ல் வெளியிட்ட முடிவுகள் பல் மருத்துவப் பாடத்தில் இன்றும் சொல்லித்தரப்படுகின்றன. கீழ்த்தாடையின் முன்பகுதி மேல்தாடையைவிட ஏறக்குறைய 4 மடங்கு தேய்கிறது என்பது அவற்றில் ஒன்று. அக்ரிலிக்கில் செய்த செட்டு அன்று எப்படி இருந்ததோ அப்படியே இருக்கிறது. அதைத் தாங்கும் மேடுதான் மாதத்துக்கு மாதம் இறங்குகிறது. கண்ணாடியின் பவர் மாறினால் யாரும் பழைய கண்ணாடியோடு மல்லுக்கட்டுவதில்லை. பல்செட்டு விஷயத்தில் மட்டும் பத்து வருடம் முன்பு செய்ததை வைத்தே சமாளிக்கச் சொல்கிறோம்.

முதலில் மக்கர் செய்வது பெரும்பாலும் கீழ்ச் செட்டுதான். மேல் செட்டு அண்ணம் முழுவதும் பரந்து உட்காருகிறது. இடையில் இருக்கும் எச்சில் படலம் அதை இழுத்துப் பிடித்துக்கொள்கிறது. கீழே அந்த வசதி கிடையாது. குதிரை லாட வடிவில் ஒரு குறுகிய மேடு, அதற்குள் ஓயாமல் அசையும் நாக்கு, வெளியே கன்னத்துத் தசை. இவற்றுக்கு நடுவே நாக்கும் கன்னமும் சேர்ந்துதான் கீழ்ச் செட்டை நிறுத்தி வைக்க வேண்டும். அது பழக்கத்தால் வருவது, பல வாரங்கள் பிடிக்கும். முழுப் பல்செட்டில் கடிக்கும் வலு, சொந்தப் பல்லின் வலுவில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு, சிலருக்கு அதற்கும் குறைவு. இதை முன்கூட்டியே சொல்லாமல் "இனி எல்லாம் கடிக்கலாம்" என்று அனுப்பிவைத்தால், முதல் முறுக்கிலேயே நம்பிக்கை போய்விடும்.

எச்சிலைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ரத்த அழுத்தம், மனச்சோர்வு, ஒவ்வாமை ஆகியவற்றுக்குத் தரும் மாத்திரைகளில் பல வாயை உலர்த்தக்கூடியவை. சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாவிட்டாலும் வாய் வறளும். எச்சில் குறைந்தால் மேல் செட்டின் பிடிப்பு போகும். உலர்ந்த ஈறில் அக்ரிலிக் உரசிப் புண்ணாகும். ஆகவே பல் மருத்துவரிடம் போகும்போது தினமும் விழுங்கும் மாத்திரைச் சீட்டையும் எடுத்துப்போக வேண்டும். செட்டில் கோளாறே இல்லாமல், மாத்திரையின் விளைவாகவே அது ஆடிக்கொண்டிருக்கலாம்.

குத்துகிறது என்று டப்பாவில் போட்டுவைத்த செட்டுகளில் எத்தனையோ ஒரு சின்ன வேலையில் சரியாகக்கூடியவை. அந்த வேலையைக் கிட்ட இருந்து பார்த்தால் புரியும். மருத்துவர் செட்டின் உட்புறம் வெள்ளைப் பசை ஒன்றைத் தூரிகையால் மெலிதாகத் தடவி, வாயில் வைத்து அழுத்துகிறார். கழற்றும்போது வெள்ளைக்கு நடுவே மிளகளவு இடத்தில் மட்டும் பசை விலகி, அடியிலிருக்கும் இளஞ்சிவப்பு அக்ரிலிக் தெரிகிறது. ஈறைப் பார்த்தால் அதே இடத்தில் சிவந்த புண். செட்டு அங்கேதான் அழுத்தியிருக்கிறது. சுழலும் சிறு கருவியால் அந்த இடத்தை மட்டும் கொஞ்சம் சீவி, வழவழப்பாக்கி, மறுபடி பசை தடவிப் பார்க்கிறார். பெரும்பாலும் ஒரே அமர்வில் முடிந்துவிடுகிற வேலை. இதற்குப் போகும்போது ஒன்று முக்கியம். வலிக்கிறதே என்று ஒரு வாரம் கழற்றி வைத்துவிட்டுப் போனால் புண் ஆறிப்போய், எங்கே அழுத்துகிறது என்று மருத்துவருக்கே தெரியாது. போவதற்கு முந்தைய நாளும் அன்றும் சில மணி நேரமாவது போட்டிருக்க வேண்டும்.

தளர்ந்துபோன செட்டுக்கு ரீலைன் என்று ஒரு வழி இருக்கிறது. பழைய செட்டின் உட்புறத்தில் புதிய அளவெடுத்து, எலும்பு கரைந்த இடைவெளி அளவுக்கு அக்ரிலிக்கை நிரப்பித் தருவார்கள். புதுச் செட்டுக்கு ஆகும் செலவைவிட இதற்குக் குறைவு. பற்களே தேய்ந்துவிட்டால் புதிதாகத்தான் செய்ய வேண்டும். ஐந்திலிருந்து ஏழு ஆண்டுகள் ஒரு செட்டுக்கு நியாயமான ஆயுள். தேய்ந்த செட்டோடு காலம் தள்ளுபவருக்கு முகத்தின் உயரம் குறைந்து, வாயோரம் மடிந்து, எச்சில் தேங்கி வெடிப்பு வரும். சத்துக்குறைவு என்று மாதக்கணக்கில் வைட்டமின் மாத்திரை சாப்பிடுபவர்களில் சிலருக்கு வேண்டியது மாத்திரை அல்ல, புதுச் செட்டு. கீழ்ப்பற்கள் அனைத்தையும் இழந்தவர்களுக்கு, கீழ்த்தாடை எலும்பில் இரண்டு இம்ப்ளாண்ட் பதித்து அதன்மேல் செட்டைப் பொருத்துவதே முதல் தேர்வாக இருக்க வேண்டும் என்று 2002-ல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய நிபுணர்கள் அறிவித்தார்கள். நல்ல வழிதான். ஆனால் முதியோர் உதவித்தொகையில் வாழும் ஒருவருக்கு அது எட்டாத செலவு என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

சாப்பாட்டுக்கு வருவோம். உண்மையான இழப்பு அங்கேதான் இருக்கிறது. மெல்ல முடியாதவர் பட்டினி கிடப்பதில்லை; எதைச் சாப்பிடுகிறார் என்பதுதான் மாறுகிறது. சுண்டல் போகிறது, கறி போகிறது, கொய்யா போகிறது, பொரியல் இலையோரத்தில் ஒதுங்குகிறது. மிஞ்சுவது குழைந்த சோறு, கஞ்சி, டீயில் நனைத்த பன், ரஸ்க். புரதமும் நார்ச்சத்தும் குறைந்து மாவுச்சத்து மட்டும் கூடுகிறது. சர்க்கரை நோய் வீட்டுக்கு வீடு இருக்கும் ஊரில் இதன் விளைவு என்ன என்று விளக்க வேண்டியதில்லை. தசை கரைகிறது, மலச்சிக்கல் வருகிறது. டாக்டர் "நல்லா காய்கறி சாப்பிடுங்க" என்று எழுதிக்கொடுக்கிறார். எதைக் கொண்டு மெல்வது என்று அவரும் கேட்பதில்லை, நோயாளியும் சொல்வதில்லை.

செட்டு சரியாகும்வரை சமையலறையில் செய்யக்கூடியது நிறைய உண்டு. நம் சமையலில் மென்மையும் சத்தும் சேர்ந்த பண்டங்களுக்குப் பஞ்சமே இல்லை. பருப்பு சேர்த்துக் கடைந்த கீரை, கேழ்வரகுக் களி, பயறு போட்ட கஞ்சி, முட்டைப் பொடிமாஸ், முள் நீக்கிய மீன், தயிர், நன்றாக வேகவைத்து மசித்த கொண்டைக்கடலை, துருவி வதக்கிய கேரட், கனிந்த பப்பாளி. பெரியவருக்கென்று தனியாகக் கஞ்சி வைத்து ஓரமாக உட்காரவைப்பதைவிட, வீட்டுக்குச் சமைத்ததையே அவருக்குப் பொடியாக நறுக்கி, இன்னும் ஒரு விசில் வேகவிட்டுக் கொடுப்பது நல்லது. உடம்புக்கு மட்டுமல்ல, மனசுக்கும்.

புதுச் செட்டுப் போட்டவர் முதல் சில நாள் இட்லி, இடியாப்பம் என்று தொடங்கி மெல்ல மெல்லக் கெட்டியானதற்குப் போக வேண்டும். முன்பல்லால் கடித்து இழுக்கக் கூடாது. முன்னால் அழுத்தினால் செட்டு பின்னால் எம்பும். சிறு துண்டாக்கி, இரு பக்கக் கடைவாயிலும் பிரித்து வைத்து, இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் மென்றால் ஆட்டம் குறையும். சூடு பார்த்துக் குடிக்க வேண்டும். அண்ணத்தை அக்ரிலிக் மூடியிருப்பதால் காபியின் கொதிப்பு தொண்டைக்குப் போன பிறகே தெரியும்.

செய்யக் கூடாதவற்றைக் கொஞ்சம் கடுமையாகவே சொல்ல வேண்டும். குத்துகிற இடத்தை பிளேடாலும் உப்புத்தாளாலும் வீட்டிலேயே தேய்க்கிறார்கள். உடைந்ததைக் கடையில் விற்கும் ஒட்டும் பசையால் ஒட்டி வாய்க்குள் வைக்கிறார்கள். ஒரு மில்லிமீட்டர் மாறி ஒட்டினாலும் போதும், அந்தச் செட்டை மருத்துவரால்கூட மறுபடி சரிசெய்ய முடியாமல் போகலாம். கொதிநீரில் போட்டால் வளைந்துவிடும். செட்டுக்கென்றே விற்கும் பிடிப்புப் பசையை அளவோடு பயன்படுத்தலாம். ஆனால் நாளுக்கு நாள் அளவு கூடுகிறதென்றால் செட்டு பொருந்தவில்லை என்று பொருள். துத்தநாகம் கலந்த பசைகளை வருடக்கணக்கில் அதிகமாகப் பயன்படுத்தியவர்களுக்கு நரம்புப் பாதிப்பு வந்ததையடுத்து, 2010-ல் பெரிய நிறுவனம் ஒன்று அவற்றை விற்பதையே நிறுத்தியது.

இரவில் கழற்றி, மெல்லிய பிரஷ்ஷால் சோப்பு நீரில் தேய்த்துக் கழுவி, தண்ணீரில் போட்டுவைக்க வேண்டும். ஜப்பானில் 85 வயதைக் கடந்த 524 பேரைப் பின்தொடர்ந்து 2015-ல் வெளியான ஆய்வில், செட்டோடு தூங்கியவர்களுக்கு நிமோனியா வரும் ஆபத்து ஏறத்தாழ இரு மடங்காக இருந்தது. இன்னொன்றையும் தள்ளிப்போடக் கூடாது. செட்டைக் கழற்றி வைத்தும் இரண்டு வாரத்தில் ஆறாத வாய்ப்புண்ணை, "செட்டு உரசியதுதான்" என்று விட்டுவிடாதீர்கள். வெற்றிலையும் புகையிலையும் போட்டுப் பழகிய வாய் என்றால் உடனே காட்டியாக வேண்டும். அது புற்றுநோயாகவும் இருக்கலாம்.

அரசுகள் எதுவுமே செய்யவில்லை என்று சொல்வது நியாயமாகாது. 2017 ஏப்ரல் 1 அன்று ஆந்திரத்தின் நெல்லூரில் மத்திய அரசு தொடங்கிய வயோஸ்ரீ திட்டத்தில், ஏழை முதியோருக்கான கைத்தடி, காதுக் கருவி, சக்கர நாற்காலி, மூக்குக்கண்ணாடி ஆகியவற்றோடு பல்செட்டும் இடம்பெற்றிருக்கிறது. கர்நாடகத்தில் 'தந்த பாக்கிய', கேரளத்தில் 'மந்தகாசம்' என்று ஏழை முதியோருக்கு இலவசப் பல்செட்டுத் திட்டங்கள் இருக்கின்றன. ஆனால் கைத்தடிக்கும் பல்செட்டுக்கும் உள்ள வித்தியாசம் முகாம் நடத்துபவர்களுக்கு உறைக்க வேண்டும். கைத்தடியைக் கொடுத்துவிட்டுப் போகலாம். பல்செட்டுக்கு அளவெடுப்பு, மெழுகில் கடி பார்ப்பது, பல் அடுக்கிப் பார்ப்பது என்று நான்கைந்து முறை வரவேண்டும். கொடுத்த பிறகு குறைந்தது இரண்டு மூன்று முறை திருத்த வேண்டும். எத்தனை பேருக்கு வழங்கப்பட்டது என்ற எண்ணிக்கை செய்தியாகிறது. ஆறு மாதம் கழித்து அவர்களில் எத்தனை பேர் அதைப் போட்டுக்கொண்டு சாப்பிடுகிறார்கள் என்ற எண்ணிக்கையை யாரும் எடுப்பதில்லை. எடுக்க வேண்டியது அந்தக் கணக்குதான்.

வேறொரு நாட்டில் பல்செட்டு அமைச்சரவையையே உலுக்கியதுண்டு. பிரிட்டனில் 1948-ல் இலவச மருத்துவச் சேவை தொடங்கியபோது பல்செட்டுக்காகத் திரண்ட கூட்டம் அரசையே திணறவைத்தது. 1951-ல் பல்செட்டுக்கும் கண்ணாடிக்கும் கட்டணம் விதிக்க முடிவானபோது, அந்தச் சேவையை உருவாக்கிய அனூரின் பெவன் அமைச்சர் பதவியை உதறிவிட்டு வெளியேறினார். ஜப்பான் இன்னும் முந்திப் போய், 80 வயதில் 20 சொந்தப் பல் என்ற இயக்கத்தை 1989-ல் தொடங்கியது. 2016 கணக்கெடுப்பில் அந்நாட்டின் 80 வயதினரில் ஏறத்தாழ பாதிப் பேர் அந்த இலக்கைத் தொட்டிருந்தார்கள்.

உலக அளவில் 60 வயதைக் கடந்தவர்களில் 23 விழுக்காட்டினர் எல்லாப் பற்களையும் இழந்தவர்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கேரளத்துக்கு அடுத்தபடியாக முதியோர் விகிதம் மிகுந்த மாநிலங்களில் ஒன்று தமிழ்நாடு. 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் ரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகள் வீடு தேடி வருகின்றன. மாத்திரை கொடுக்க வரும் பெண் சுகாதாரத் தன்னார்வலர் இன்னும் ஒரே ஒரு கேள்வி கேட்கலாம்: "பல்செட்டு போட்டுச் சாப்பிட முடியுதா?" முடியவில்லை என்பவரின் பெயரைக் குறித்துக்கொண்டு, அருகிலுள்ள அரசு மருத்துவமனையின் பல் பிரிவுக்கு அனுப்ப வேண்டும். அங்கே பல் பிடுங்குவதோடு நிறுத்தாமல், வாரத்தில் ஒரு நாளைச் செட்டுத் திருத்துவதற்கென்றே ஒதுக்க வேண்டும். இலவசமாகத் தரும் ஒவ்வொரு செட்டோடும் மூன்று திருத்தத் தேதிகளை அட்டையில் எழுதிக் கொடுப்பதைச் சுகாதாரத் துறை கட்டாயமாக்க வேண்டும்.

அதுவரை வீட்டார் காத்திருக்க வேண்டியதில்லை. சென்னை, சிதம்பரம், புதுக்கோட்டை அரசுப் பல் மருத்துவக் கல்லூரிகளிலும், குறைந்த கட்டணத்தில் மாணவர்கள் பேராசிரியர் மேற்பார்வையில் சிகிச்சை தரும் தனியார் கல்லூரிகளிலும் செயற்கைப் பல் பிரிவு இருக்கிறது. வேறு எங்கோ செய்த செட்டையும் எடுத்துப் போய்க் காட்டிக் கேட்கலாம். இந்த வாரம் ஒரு வேலை நாளில், காலையிலேயே, பெரியவரைக் கூட்டிக்கொண்டு போய்வாருங்கள்.