பேசும் பெட்டியும் பெரியவர்களும்

கல்லாவில் அமரும் நம்மில் பலருக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது. பழைய வாடிக்கையாளர்களும் நம்மோடு சேர்ந்தே மூப்படைந்துவிட்டார்கள். 2016இல் யூபிஐ வந்தபின் சில்லறைத் தட்டுப்பாடு குறைந்தது உண்மைதான். ஆனால் பணம் வந்ததா என்று கைபேசியில் துழாவும் வேலை புதிதாக வந்து சேர்ந்தது. மாலைக் கூட்டத்தில் மூக்குக்கண்ணாடியைத் தேடி மாட்டுவதற்குள், "போட்டாச்சு அண்ணாச்சி" என்று திரையைக் காட்டியவர் தெருமுனையைக் கடந்திருப்பார். அவர் காட்டியது நேற்றைய ரசீதின் படமாக இருந்தால் நட்டம் நமக்கு.

இந்தக் கவலையைத் தீர்த்தது, வந்த தொகையைத் தமிழில் உரக்கச் சொல்லும் ஒலிப்பெட்டிதான். படிக்க வேண்டாம், தொட வேண்டாம், கற்கவும் ஒன்றுமில்லை. முதியோருக்கென்று யாரும் இதைச் செய்யவில்லை. ஆயினும் முதியோருக்கு இதைவிட உகந்த கருவியை நாம் கண்டதில்லை. குறையும் உண்டு. பேருந்து ஹாரன் சத்தத்தில் தொகை காதில் விழாமல் போகிறது. கடைசித் தொகையைத் திரும்பச் சொல்லும் பொத்தான் சில பெட்டிகளில் இருந்தாலும், அது எதுவென்று கண்டுபிடிக்கப் பேரனைத்தான் கூப்பிட வேண்டியிருக்கிறது. பொத்தானைப் பெரிதாக வைக்க என்ன செலவாகிவிடும்?

வாங்க வருகிற பெரியவரின் பாடு இன்னும் தீரவில்லை. கைபேசியையே கடைப் பையனிடம் நீட்டி, ரகசிய எண்ணையும் நாலு பேர் காதுபடச் சொல்லிவிடுகிறார். பின்னால் அவர் கணக்கில் பணம் குறைந்தால், யார் எடுத்திருந்தாலும் பழி நம் கடை மேல்தான் விழும்.

பட்டன் போன் வைத்திருப்போருக்காக ரிசர்வ் வங்கி 2022 மார்ச்சில் யூபிஐ 123பே வசதியைத் தொடங்கிவைத்தது. இணையம் தேவையில்லை, ஓர் எண்ணை அழைத்து, குரல் கேட்பதற்கேற்ப எண்களை அழுத்தியும் பணம் செலுத்தலாம். ஒரு முறைக்கு 5,000 ரூபாயாக இருந்த வரம்பை 10,000 ஆக்குவதாக 2024 அக்டோபரில் அறிவிப்பும் வந்தது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் இப்படி ஒன்று இருப்பதே நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? அந்தக் குரல் நிதானமாகப் பேசி, தவறாக அழுத்தினால் இன்னொரு முறை பொறுமையாகக் கேட்க வேண்டும் என்பது வங்கிகளுக்கு நம் கோரிக்கை.

நம் பக்கமும் வேலை இருக்கிறது. பெரியவர் எண்ணைச் சொல்லத் தொடங்கினால் பையன் தடுத்து, போனை அவர் கையிலேயே கொடுக்கட்டும். தடுமாறினால் தொகையைப் பற்று நோட்டில் எழுதிக்கொண்டு அனுப்புவோம். பணத்தை நாளைக்கு வாங்கிக்கொள்ளலாம்.